கழுத்து மட்டும் கொழும்புக்குப் போவதில்லை



நீளமான பதிவு. வீட்டில் யாருக்காவது கழுத்து ஒபரேஷனுக்கு டேட் கிடைத்திருந்தால் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். அப்படி யாரும் இல்லாதவர்களும் வாசியுங்கள். அடுத்த தடவை காசு சேர்க்கும் மெசேஜ் வரும்போது அதை ஷெயார் பண்ணப் போவது நாம்தானே.

அந்த மெசேஜ் எப்படி இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு எம்.ஆர்.ஐ. படம் இருக்கும். மூன்று பிள்ளைகளின் தந்தை அல்லது நான்கு பிள்ளைகளின் தாய் என்று எழுதியிருக்கும். கழுத்து எலும்பு தேய்ந்து நரம்பு நசுங்கிவிட்டது, அவசரமாகச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், இத்தனை இலட்சம் தேவை. கீழே வங்கிக் கணக்கு இலக்கம், பள்ளிவாசல் நிருவாகத்தின் கடிதம். இதில் நமது ஊர் ஒருநாளும் கை சுருக்கியதில்லை. வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்புகிறார்கள், ஆட்டோ ஓட்டுகிறவரும் ஐந்நூறு ரூபாய் போடுகிறார். அல்லாஹ் எல்லோருடைய ஸதகாவையும் ஏற்றுக்கொள்ளட்டும்.

ஆனால் இத்தனை பேர் சேர்ந்து அனுப்பி வைக்கும் அந்த மனிதருக்குக் கழுத்தைத் தவிர வேறு என்னென்ன வருத்தம் இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. பத்து வருடமாகச் சீனியா? நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவரா? இரவில் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புகிறவரா? இதையெல்லாம் வட்ஸ்அப்பில் போடச் சொல்லவில்லை. அது அவருடைய மானம். அவரோடு கொழும்புக்குப் போகும் கோப்பிலும் அது இல்லை என்பதுதான் நமது சண்டை. கோப்பில் எம்.ஆர்.ஐ. இருக்கிறது, கிளினிக் கொப்பி வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

குடும்பம் சொல்வதில்லை, வைத்தியசாலை துருவிக் கேட்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் மயக்கத்தில் மேசையில் கிடக்கிறார். இந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நாம் வைத்தியர்கள் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் படித்துவிட்டு வகுப்பறையில் நிற்கிறவர்கள். யாருக்கு ஒபரேஷன் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று சொல்ல நமக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு கேள்விக்கு முழு விடை எழுதாதவனுக்கு முழுப் புள்ளி கிடைக்காது என்பது நமக்கு நன்றாகத் தெரியும். வைத்தியரிடம் பாதி விடையைக் கொடுத்துவிட்டு முழு சுகத்தை எதிர்பார்க்கிறோம்.

விஞ்ஞானப் பாடத்தில் முண்ணாண் என்று படித்திருப்பீர்கள். மூளையிலிருந்து முதுகுக்குள்ளே இறங்கும் அந்த நரம்புத் தண்டு, கழுத்தில் இருக்கும் 7 எலும்புகளின் நடுவால்தான் போகிறது. வயது போகப் போக இடையிலுள்ள சவ்வுத் தட்டுக்கள் காய்ந்து பிதுங்கும், எலும்பு முள் வளரும், வழி ஒடுங்கும். முண்ணாண் நசுங்கினால் சட்டை பொத்தான் போட விரல் தடுமாறும். கையெழுத்து மாறும். செருப்பு காலிலிருந்து கழன்று போவது தெரியாது. தொழுகையில் ஸுஜூதிலிருந்து எழும்பும்போது தள்ளாடும். வளர்ந்தவர்களுக்கு முண்ணாண் பாதிக்கப்படுவதற்கு உலகளவில் முக்கியமான காரணமே இந்தக் கழுத்துத் தேய்வுதான். சரியான நேரத்தில் சரியான ஆளுக்குச் செய்தால் இந்த ஒபரேஷன் பெரிய நிஃமத். அதில் சந்தேகமே இல்லை. யாரும் இதை வாசித்துவிட்டு ஒபரேஷனுக்குப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது மறைந்திருக்கும் மற்ற வருத்தங்களுக்குத்தான். அவை மூன்று இடங்களில் நம்மைப் பிடிக்கும்: நோயைக் கண்டுபிடிக்கும்போது, மேசையில் கிடக்கும்போது, வீட்டுக்கு வந்த பிறகு.

முதலாவது, கண்டுபிடிக்கும் இடம்.

சீனி வருத்தக்காரருக்குக் கால் விறைத்தால் நம் வாயில் வரும் முதல் வார்த்தை "அது சீனியாலதான்." பல நேரம் அது சரிதான். நீண்டகாலச் சீனி கால் நரம்புகளைக் கெடுக்கும். ஆனால் அதே விறைப்பு கழுத்தில் முண்ணாண் நசுங்குவதாலும் வரும். சீனி மேல் பழியைப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் கழுத்தைப் பார்க்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கழுத்தை மட்டும் பார்த்து, சீனியைச் சொல்லாமல் விட்டால், ஒபரேஷன் நன்றாக முடிந்த பிறகும் சீனியால் வந்த விறைப்பு அப்படியே இருக்கும். ஊரில் என்ன பேச்சு வரும்? "லட்சக்கணக்குல கொட்டியும் ஒண்டும் சரி வரல்ல. டொக்டர் பிழை விட்டுட்டார்."

இன்னொன்று பலருக்குத் தெரியாது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு விழுங்கும் மெட்ஃபோர்மின் குளிசையை வருடக்கணக்கில் பாவிக்கும்போது சிலருக்கு உடம்பில் விற்றமின் பி12 குறையும். 2022இல் பிரித்தானியாவின் மருந்து ஒழுங்குபடுத்தல் அமைப்பு இதைப் பற்றி வைத்தியர்களுக்குத் தனியாக அறிவித்தலே விடுத்தது. பி12 மிகவும் குறைந்தால் முண்ணாண் பழுதடையும். கால் விறைக்கும், நடை தள்ளாடும். பார்ப்பதற்குக் கழுத்துத் தேய்வு மாதிரியே இருக்கும். அறுபது வயதைத் தாண்டியவரை எம்.ஆர்.ஐ. எடுத்தால் கழுத்தில் ஏதாவது தேய்வு தெரியத்தான் செய்யும். படம் ஒரு கதை சொல்லும், இரத்தம் வேறு கதை சொல்லும். மெட்ஃபோர்மின் பாவிப்பதையே சொல்லாவிட்டால் அந்த இரத்தப் பரிசோதனையைப் பற்றி யாருக்கு ஞாபகம் வரும்? மெட்ஃபோர்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது தேவையான மருந்து. "இத்தனை வருடமாகப் பாவிக்கிறேன், பி12 பார்க்க வேண்டுமா?" என்று கேளுங்கள், அவ்வளவுதான்.

கை விறைப்பும் அப்படித்தான். மணிக்கட்டில் நரம்பு நசுங்கினாலும் விரல் விறைக்கும். சீனி உள்ளவர்களுக்கும் தைரொயிட் சுரப்பு குறைந்தவர்களுக்கும் இது கூடுதலாக வரும். கழுத்திலும் நசுங்கி மணிக்கட்டிலும் நசுங்கியிருக்கிற ஒருவருக்குக் கழுத்தை மட்டும் சரிசெய்தால் பாதிதான் சுகம் வரும். கழுத்து ஒடுங்கிய சிலருக்கு இடுப்பிலும் அதே ஒடுக்கம் சேர்ந்தே இருக்கிறது. வெவ்வேறு ஆய்வுகள் இதை 5 முதல் 25 வீதம் வரை என்று சொல்கின்றன. கழுத்து ஒபரேஷனுக்குப் பிறகும் கால் வலி போகவில்லை என்று புலம்புகிறவருக்கு இடுப்பை யாராவது பார்த்தார்களா என்று கேட்க வேண்டும். வயதான ஆண்களுக்குச் சலம் அடக்க முடியாமல் போனால் புரொஸ்டேட் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது முண்ணாண் நசுங்கியதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

அரிதாக வரும் ஒன்றையும் சொல்ல வேண்டும். தசைகளை இயக்கும் நரம்புகளே மெல்ல மெல்லச் செத்துப் போகும் நோய் ஒன்று இருக்கிறது. மோட்டார் நியூரோன் நோய் என்பார்கள். அதன் தொடக்கம் கழுத்துத் தேய்வு மாதிரி இருக்கும் என்பதால், உலகம் முழுவதும் சிலர் கழுத்து ஒபரேஷன் செய்த பிறகே அந்த நோய் இருப்பது தெரிந்து நொந்திருக்கிறார்கள். நாக்குத் தசை துடிப்பது, பேச்சு குழறுவது, விழுங்கும்போது புரையேறுவது, கை மெலிந்துகொண்டே போவது: இவற்றைக் கவனித்த மனைவியோ மகளோ வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வைத்தியர் பத்து நிமிடம்தான் பார்க்கிறார். வீட்டில் இருக்கிறவர்கள் இருபத்துநான்கு மணித்தியாலமும் பார்க்கிறார்கள்.

இரண்டாவது, மேசையில் கிடக்கும் இடம்.

கழுத்து ஒபரேஷனில் ஒரு வகை, கழுத்தின் முன்பக்கமாக வெட்டிச் செய்வது. மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் மெதுவாக ஒரு பக்கம் ஒதுக்கி, பிதுங்கிய தட்டை எடுத்து, அந்த இடத்தில் எலும்போ கூடோ வைத்து, தகடும் ஆணியும் பூட்டுவார்கள். மூச்சு போகும் வழிக்குப் பக்கத்திலேயே வேலை நடக்கிறது. அதனால் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியருக்கு முக்கியமான கேள்வி இதுதான்: இவருடைய தொண்டைக்குள் குழாய் போடலாமா, பிறகு பத்திரமாக வெளியே எடுக்கலாமா?

நமது ஊர்க் கதை இங்கேதான் வருகிறது. முப்பது வருடமாக வெற்றிலையும் பாக்கும் போட்டவருக்கு வாய் உட்தோல் இறுகி, இரண்டு விரல் நுழைகிற அளவுக்குக்கூட வாய் திறக்காமல் போயிருக்கும். பாபுல் பழக்கம் பிடித்த இளம் பிள்ளைகளுக்கும் இது வருகிறது. குழாய் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். முடக்குவாதம் உள்ள உம்மாமாருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள பிடிப்பு தளர்ந்திருக்கலாம். குழாய் போடத் தலையைப் பின்னால் வளைத்தால் முண்ணாணுக்கே ஆபத்து. "மூட்டு வருத்தம் கொஞ்சம் இருக்கு, அது பழசு" என்று சிரித்துக்கொண்டு விட்டுவிடுகிற விடயமா இது?

குறட்டையை நாம் பகிடியாக எடுக்கிறோம். தூக்கத்தில் மூச்சு நிற்பது ஒரு நோய். கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றரைத் தாண்டியிருப்பது, 50 வயதைக் கடந்திருப்பது, பிரஷர், பருமன், சத்தமான குறட்டை, பகல் முழுக்கச் சோர்வு, தூக்கத்தில் மூச்சு நிற்பதை வேறொருவர் கண்டிருப்பது: மயக்க மருந்து வைத்தியர்கள் இவற்றைக் கணக்கெடுத்துத்தான் ஆபத்தை மதிப்பிடுகிறார்கள். முன்பக்கம் வெட்டிய கழுத்தில் வீக்கமும் வரும். ஏற்கெனவே மூச்சு நிற்கும் நோயுள்ளவரை அந்த முதல் இரவில் விசேடமாகக் கவனிக்க வேண்டும். அவர் தூக்கத்தில் மூச்சு விடாமல் கிடப்பதை வருடக்கணக்காகப் பார்த்த ஒரே சாட்சி அவருடைய மனைவி. அவரை வெளியே கதிரையில் உட்கார வைத்துவிட்டு மச்சான்தான் உள்ளே போய்ப் பேசுகிறார்.

இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் அஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் இன்னொரு பிரச்சினை. ஒபரேஷனுக்குப் பிறகு கழுத்துக்குள் இரத்தம் கசிந்து கட்டியானால் மூச்சுக்குழாயை நெரிக்கும். அரிதுதான், ஆனால் சில மணித்தியாலத்துக்குள் உயிரை எடுக்கக்கூடியது. அதற்காக நாமாகவே குளிசையை நிறுத்தவும் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சில் அடைப்பு வரலாம். எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை இருதய வைத்தியரும் கழுத்து வைத்தியரும் பேசித் தீர்மானிக்க வேண்டும். இருவருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவர் தெரியாவிட்டால் யார் பேசுவது?

கருஞ்சீரக எண்ணெய், உள்ளி, இஞ்சி, நாட்டுக் கசாயம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கருஞ்சீரகம் ஸுன்னத் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது சீனியையும் பிரஷரையும் கொஞ்சம் இறக்கக்கூடியது, இரத்தம் உறைவதிலும் பாதிப்பு இருக்கலாம். தினமும் இரண்டு கரண்டி குடிக்கிறவர் அதைச் சொல்வதால் ஈமான் குறைந்துவிடாது. "நரம்புப் பொடி" என்று பெயர் இல்லாத போத்தலில் விற்பதையும் சொல்லுங்கள். உலகின் பல நாடுகளில் அப்படியான பொடிகளுக்குள் ஸ்டீரொயிட் கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது. தொய்வுக்கோ மூட்டு வருத்தத்துக்கோ மாதக்கணக்காக ஸ்டீரொயிட் குளிசை பாவித்தவர் அதைத் திடீரென்று நிறுத்தி மேசையில் ஏறினால் பிரஷர் விழுந்துவிடக்கூடும். கழுத்து வலிக்குப் பாமசியில் வாங்கி வாங்கி விழுங்கிய டைக்ளோஃபெனக் குளிசை சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கலாம். அதையும் முதலில் பார்க்க வேண்டும்.

பிரஷரைப் பற்றி ஒரு வார்த்தை. முண்ணாண் நசுங்கியிருக்கும் ஒருவருக்கு மயக்கத்தில் இரத்த அழுத்தம் மிகவும் இறங்கினால் நசுங்கிய இடத்துக்கு இரத்தம் போதாமல் போகும். அவருடைய வழமையான பிரஷர் எவ்வளவு என்று தெரிந்தால்தான் எவ்வளவு இறங்கக் கூடாது என்று கணக்குப் போடலாம். அந்த எண்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன? வீட்டு அலுமாரியில், கிளினிக் கொப்பியில்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2008இல் ஒபரேஷன் தியேட்டர்களுக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. மொத்தம் 19 விடயங்கள். உலகின் எட்டு நகரங்களில் எட்டு வைத்தியசாலைகளில் அதைப் பாவித்துப் பார்த்தபோது மரணம் 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகவும், சிக்கல்கள் 11 வீதத்திலிருந்து 7 வீதமாகவும் குறைந்தன. புதிய மெஷின் எதுவும் வாங்கியதால் வந்த மாற்றம் இல்லை. ஒத்துக்கொள்ளாத மருந்து உண்டா, மூச்சு வழி கஷ்டமா, இரத்தம் அதிகம் போகுமா என்று வாய் திறந்து கேட்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கேள்வி கேட்பது அவர்களுடைய கடமை. உண்மையைச் சொல்வது நம்முடைய கடமை.

மூன்றாவது, வீட்டுக்கு வந்த பிறகு.

சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆறப் பிந்தும், சீழ் பிடிக்கும் ஆபத்து கூடும். கடந்த மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை இதற்குத்தான். அவசரமில்லாத ஒபரேஷன் என்றால் அது 8.5 வீதத்துக்குக் கீழே வந்த பிறகு செய்வது நல்லது என்பது பிரித்தானிய வழிகாட்டல். சிகரெட், பீடி பிடிக்கிறவருக்கு வைத்த எலும்பு ஒட்டாமல் போகும் வாய்ப்பு அதிகம். மாதவிடாய் நின்ற உம்மாமாருக்கும் ஸ்டீரொயிட் பாவித்தவர்களுக்கும் எலும்பு பொருபொருத்துப் போயிருந்தால் பூட்டிய ஆணி தளரும். ஒபரேஷனுக்கு முன்னால் தெரிந்திருந்தால் வைத்தியர் வேறு முறையை யோசித்திருப்பார். பின்னால் தெரிந்தால் இரண்டாவது ஒபரேஷன், இரண்டாவது வசூல்.

மனச்சோர்வையும் மறக்கக் கூடாது. வருடக்கணக்காக வலியோடு இருந்தவர், வேலை இழந்தவர், கடனில் இருப்பவர் சோர்ந்து போவது இயற்கை. சிகிச்சை கிடைக்காத மனச்சோர்வு இருப்பவர்களுக்குக் கழுத்து ஒபரேஷனுக்குப் பிறகும் வலி குறைந்த உணர்வு குறைவாகவே கிடைக்கிறது என்பது பல ஆய்வுகளில் கண்ட விடயம். ஆனால் நம்மிடம் என்ன பேச்சு? மனநலக் கிளினிக்குக்குப் போனவர் என்றால் "அங்கொடைக்குப் போனவன்." அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனை பேர் தூக்கக் குளிசை பாவிப்பதையே மறைக்கிறார்கள்! 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசிச் சேவை அது.

வீடு வந்த நோயாளியைப் பார்க்கப் போகும் நாம் என்ன கொண்டு போகிறோம்? மோல்ட் பைக்கற், கிரீம் பிஸ்கட், பட்டர் கேக். சீனிக்காரரின் தலைமாட்டில் அது மலை மாதிரிக் குவிந்திருக்கிறது. "ஒபரேஷன் முடிஞ்சிதானே, இனிப் பழைய குளிசை வேணாம்" என்று ஆலோசனையும் இலவசம். நோய் விசாரிப்பது ஸுன்னத். இனிப்பைக் கொண்டுபோய்க் காயத்தைப் புண்ணாக்குவது அதில் சேராது.

இப்போது நாம் சொல்லும் சாட்டுக்களுக்கு வருவோம்.

"சொன்னா டேட் தள்ளிப் போகும்." தள்ளிப் போகலாம். பி12 ஏற்றவும் சீனியை இறக்கவும் சில வாரம் எடுக்கலாம். முண்ணாண் வேகமாகக் கெட்டுக்கொண்டிருந்தால் வைத்தியர் காத்திருக்க மாட்டார். ஆபத்துத் தெரிந்தே கூடுதல் ஆயத்தத்தோடு செய்வார். இரண்டில் எது நடந்தாலும் தீர்மானம் அவருடைய கையில் இருக்க வேண்டும். நாம் மறைத்தால் அவருக்குத் தெரியாமலேயே அந்தத் தீர்மானத்தை நாம் எடுத்துவிடுகிறோம்.

"மகளுக்குக் கலியாணம் பேசுது, உம்மாக்கு இருக்குற வருத்தமெல்லாம் வெளிய வந்தா?" இதுதான் யாரும் வாய் திறந்து சொல்லாத உண்மையான காரணம். வைத்தியரிடம் சொல்வது ஊருக்குச் சொல்வது ஆகாது. நோயாளியின் கதையை அவர் வெளியே பேசக் கூடாது. மாமியாருக்கு சீனி என்பதற்காகச் சம்பந்தத்தை முறிக்கிற ஆட்கள் இருந்தால், வெட்கப்பட வேண்டியது அவர்கள்தான். இலங்கையில் 2018–19இல் நடந்த நாடளாவிய ஆய்வில் வளர்ந்தவர்களில் 5 பேரில் ஒருவருக்கு மேல் நீரிழிவு கண்டறியப்பட்டது. எந்த வீட்டில் இல்லை?

"எங்களுக்கு அப்படி ஒண்டும் இல்ல." பரிசோதித்தீர்களா? 2005–06இல் நடந்த தேசிய ஆய்வில் நீரிழிவு இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. 35 வயதைக் கடந்தவர்களுக்கு அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் சீனி, பிரஷர் எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். கழுத்துக்கு இலட்சக்கணக்கில் சேர்க்கும் ஊரில் அந்த இலவசக் கதிரைகள் வெறுமையாகக் கிடக்கின்றன.

"அல்லாஹ் விதிச்சது நடக்கும்." நடக்கும். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைப்பதற்கு நமக்கு யாரும் படிப்பிக்கவில்லை. உடம்பு அமானிதம். அதன் நிலவரத்தை மறைத்துக் கொண்டுபோய் இன்னொருவர் கையில் ஒப்படைப்பது அமானிதத்துக்கு அழகில்லை.

"டொக்டர்மாருக்குத் தெரியாதா?" இது நியாயமான கேள்வி. பதில் வைத்தியசாலைப் பக்கமும் போக வேண்டும். சீனிக்கு ஒரு கிளினிக், இருதயத்துக்கு இன்னொன்று, மூட்டுக்கு வேறொன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொப்பி. ஊர் வைத்தியசாலைக் கொப்பி கொழும்பு வைத்தியருக்கு எட்டுவதில்லை. தனியார் சனலில் ஐந்து நிமிடத்தில் எம்.ஆர்.ஐ.யைப் பார்த்து டேட் கொடுத்து அனுப்புகிறார்கள். நோயாளி இரண்டு கால்களில் நடந்து வந்த ஒரு முழு மனிதர். அவரை ஒரு படமாகப் பார்க்கும் பழக்கத்தை மாற்றுங்கள் என்று வைத்தியர்களிடம் மரியாதையோடு கேட்கிறோம்.

மொழியும் இருக்கிறது. நம் தாய்மார் தமிழ் மட்டும் பேசுகிறவர்கள். வார்டில் சிங்களத்தில் கேட்கும்போது விளங்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுகிறார்கள். பக்கத்துக் கட்டில்காரரின் பத்து வயதுப் பையன் மொழிபெயர்க்கிறான். "தியவெடியாவ" என்றால் நீரிழிவு. "ஹதிய" என்றால் தொய்வு. "வகுகடு" என்றால் சிறுநீரகம். "அசாத்மிகதா" என்றால் ஒத்துக்கொள்ளாமை. இந்த நான்கு சொல்லையும் கூடப் போகும் பிள்ளை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போகட்டும். தமிழ் பேசும் நோயாளியிடம் வருத்த வரலாற்றைத் தமிழில் கேட்க ஒரு ஆளை வைப்பது வைத்தியசாலையின் பொறுப்பு. அதையும் நாம் விடாமல் கேட்க வேண்டும்.

சரி, நாளைக்கே என்ன செய்யலாம்?

ஒன்று: வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், குளிசை அட்டை, ஊசி, எண்ணெய் போத்தல், பொடி எல்லாவற்றையும், ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு வைத்தியரின் மேசையில் வையுங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

இரண்டு: எல்லாக் கிளினிக் கொப்பிகளும் நோயாளியோடு போகட்டும். ஒன்றும் அலுமாரியில் நிற்கக் கூடாது.

மூன்று: ஒரு தாளில் எழுதுங்கள். என்னென்ன வருத்தம், எத்தனை வருடம், முன்பு செய்த ஒபரேஷன்கள், மயக்க மருந்தில் வந்த பிரச்சினை, ஒத்துக்கொள்ளாத மருந்து, வெற்றிலை, சிகரெட், குறட்டை, மனக் கவலை. எழுதுவது பிள்ளைகளின் வேலை. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை இதை அழகாக எழுதும்.

நான்கு: நோயாளியோடு இரவில் இருப்பவர்தான் வைத்தியரின் அறைக்குள் போக வேண்டும். அது மனைவியாக இருந்தால் மனைவி, மருமகளாக இருந்தால் மருமகள்.

ஐந்து: இது பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் நிதி சேர்க்கும் இளைஞர் அமைப்புக்களுக்கும். சிபாரிசுக் கடிதம் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மற்ற வருத்தங்களைப் பற்றிய தாளை வைத்தியரிடம் கொடுத்தாச்சா?" அந்தத் தாளை நீங்கள் வாசிக்க வேண்டியதில்லை, வாசிக்கவும் கூடாது. கொடுத்தாயிற்று என்ற பதில் மட்டும் போதும். எம்.ஆர்.ஐ. படம் கேட்கிறீர்கள், வங்கிப் புத்தகம் கேட்கிறீர்கள், கிராம உத்தியோகத்தரின் கடிதம் கேட்கிறீர்கள். இதையும் கேட்பதில் என்ன கஷ்டம்?

சேர்க்கும் தொகையிலிருந்து சிறு பங்கை ஒபரேஷனுக்கு முந்திய பரிசோதனைகளுக்கு ஒதுக்குங்கள். எச்பிஏ1சி, பி12, தைரொயிட், சிறுநீரகம், ஈசிஜி: வைத்தியர் எது தேவை என்று சொல்கிறாரோ அது. மொத்தச் செலவோடு பார்த்தால் இது சின்னக் காசு. இதைச் செய்யாமல் விட்டதால் வரும் இரண்டாவது வசூலோ பெரிய காசு.

இதை வாசித்தவர்களில் யாராவது ஒருவர் இந்த வாரம் கொழும்புக்கோ கண்டிக்கோ கழுத்தைக் காட்டப் போகிறார். இரவு பஸ்ஸுக்குப் பை அடுக்கும் முன் அலுமாரியைத் திறந்து அந்தக் கொப்பிகளை எடுத்து வையுங்கள். தெரிந்தவர்களுக்கு இதை அனுப்புங்கள். கருத்துச் சொல்ல விரும்பும் வைத்தியர்களும் தாதியரும் கீழே எழுதுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள்.

நோயாளிகள் எல்லோருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைக் கொடுப்பானாக.